மாணவியின் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அட்லாண்டாவுக்கு அருகே ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். என்னிடம் படித்த கறுப்பின மாணவி ஒருத்திக்கு 2026 ஆகஸ்டில் தொடங்கும் எம்.டி. படிப்புக்கு (இங்கே மருத்துவராவதற்கான முதல் பட்டமே அதுதான்) இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. தனியார் கல்லூரியில் ஆண்டுச் செலவு 94,000 டாலர், உதவித்தொகை 22,000. மாநிலக் கல்லூரியில் செலவு 66,000, உதவித்தொகை 8,000. தனியாரில் உதவி அதிகம் என்பதால் அங்கே சேர நினைக்கிறாள். இளநிலைப் படிப்புக் கடன் 27,000 ஏற்கெனவே இருக்கிறது. பற்றாக்குறைக்குத் தனியார் வங்கியில் கடன் வாங்க வேண்டும், ஜாமீன் கையெழுத்துப் போட முடியுமா என்று தயங்கித் தயங்கி என்னைக் கேட்டாள். என் மகளும் இதே ஆண்டு மருத்துவம் சேர்கிறாள். அவளுக்குக் கடனே இருக்காது. அந்தப் பெண்ணின் அம்மா நர்ஸ், அப்பா தபால் துறை. அவர்கள் வருமானம் எங்களுடையதைவிடச் சற்றுத்தான் குறைவு. "நாம் சேர்த்து வைத்தோம், அவர்கள் வைக்கவில்லை" என்கிறார் என் கணவர். நாங்கள் இருவரும் தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரியில் படித்து, 1998-இல் இங்கே வந்தவர்கள். கையெழுத்துப் போடலாமா? ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி நிறைய இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் உங்கள் கையெழுத்து இல்லாமல் சேர முடியாத கல்லூரியில் அவள் சேரவே வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கைப் பார்ப்போம்.

22,000 என்ற உதவித்தொகை 8,000-த்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கல்லூரிகள் அனுப்பும் கடிதத்தில் உதவித்தொகைதான் மேலே, தடித்த எழுத்தில் இருக்கும். அதை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள். தனியாரில் ஆண்டுக்கு 72,000 டாலர் அவள் புரட்ட வேண்டும். நான்கு ஆண்டுக்கு 2,88,000. மாநிலக் கல்லூரியில் ஆண்டுக்கு 58,000. நான்கு ஆண்டுக்கு 2,32,000. இந்த 56,000 டாலர் வித்தியாசத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: அந்தப் பணம் எந்தக் கதவு வழியாக வரும் என்பது.

2006 முதல் மருத்துவ மாணவர்களுக்கு 'கிராட் பிளஸ்' என்ற மத்திய அரசுக் கடன் இருந்தது. கல்லூரி சொல்லும் மொத்தச் செலவு வரை, மற்ற உதவிகளைக் கழித்துக்கொண்டு, எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். கடன் வரலாற்றில் பெரிய கறை இல்லாதிருந்தால் போதும். சொத்தில்லாத வீட்டுப் பிள்ளைகள் விலை உயர்ந்த கல்லூரிகளில் நுழைய முடிந்தது அதனால்தான். அவர்கள் தலையில் கடன் மலைபோல ஏறியதும் அதனால்தான். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் அந்தக் கதவை மூடுகிறது. 2026 ஜூலை 1-க்குப் பிறகு புதிதாகச் சேர்பவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. எம்.டி. போன்ற தொழிற்படிப்புக்கு மத்திய அரசின் நேரடிக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான். ஏற்கெனவே அதே படிப்பில் சேர்ந்து கடன் வாங்கியவர்களுக்குக் குறுகிய காலச் சலுகை உண்டு. ஆகஸ்டில் சேரும் உங்கள் மாணவிக்கு அது பொருந்தாது. அவளைவிட ஓராண்டு மூத்தவர்கள் சொல்லும் "எல்லாம் கிராட் பிளஸ்ஸில் போய்விடும்" என்ற அறிவுரையை அவள் நம்பிவிடக் கூடாது.

ஆக, தனியார் கல்லூரியில் அவளுக்கு ஆண்டுக்கு 22,000, மொத்தம் 88,000 டாலர் துண்டு விழுகிறது. மாநிலக் கல்லூரியில் ஆண்டுக்கு 8,000. எட்டாயிரத்தை அங்கே இங்கே குறைத்தும் கல்லூரி வழியாகப் பெற்றும் சமாளிக்கலாம். இருபத்திரண்டாயிரத்தைத் தனியார் கடன் இல்லாமல் நிரப்ப வழியே இல்லை.

தனியார் கடனின் தன்மை முற்றிலும் வேறு. வட்டி விகிதத்தை ஜாமீன்தாரரின் கடன் மதிப்பெண் தீர்மானிக்கும். வருமானத்துக்கு ஏற்ற தவணைத் திட்டம் கிடையாது. பொதுச் சேவை செய்தால் மிச்சக் கடனை விட்டுக்கொடுக்கும் அரசுத் திட்டமும் அதற்குப் பொருந்தாது. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த 88,000 முதல் தவணை வருவதற்குள் 1,10,000-ஐத் தொட்டிருக்கும். பத்தாண்டில் அடைக்க மாதம் 1,450 டாலர் வேண்டும். பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் சம்பளத்தோடு பெறும் பயிற்சியான ரெசிடென்சியின் முதல் ஆண்டுச் சம்பளம் 68,000 என்றால், வரி பிடித்ததுபோகக் கையில் வருவது மாதம் நான்காயிரத்துச் சொச்சம். சில நிறுவனங்கள் ரெசிடென்சி முடியும்வரை சிறிய தவணை வாங்கிக்கொள்ளும், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அவள் ஓராண்டு பின்தங்கினாலோ, ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் 'மேட்ச்'சில் இடம் கிடைக்காமல் போனாலோ, தபால் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அந்தக் கடன் முழுவதும் உங்கள் பெயரிலும் நிற்கும். நாளை உங்கள் மகளுக்காக நீங்கள் வங்கிக்குப் போகும்போது அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அது உண்மையில்லை, அதை நேராகவே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவப் படிப்பின் கடனை நிர்ணயிப்பதில் பெற்றோரின் மாதச் சம்பளத்தைவிட, அவர்களிடம் சேர்ந்திருக்கும் சொத்துக்குத்தான் பங்கு அதிகம். அமெரிக்க மத்திய வங்கி 2022-இல் எடுத்த குடும்ப நிதிக் கணக்கெடுப்பின்படி, சொத்து வரிசையின் நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. ஹிஸ்பானியக் குடும்பத்துக்கு 61,600. ஆசியக் குடும்பத்துக்கு 5,36,000. 44,900 டாலரில் பெரும்பகுதி ஒரு வீட்டின் சுவரிலும் ஒரு காரிலும் இருக்கும். அதிலிருந்து எடுத்து மகளின் வாடகையைக் கட்ட முடியாது.

இந்த இடைவெளி சிக்கனத்தால் வந்ததல்ல. 1930-களில் அரசு அமைப்பே நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசியது; அட்லாண்டாவுக்கும் அப்படி ஒரு வரைபடம் உண்டு. சிவப்புத் தெருவில் வீட்டுக்கடன் கிடைப்பது அரிது. 1944-இல் போர்வீரர்களுக்கான ஜி.ஐ. சட்டம் வந்தது. மிசிசிப்பியின் 13 நகரங்களில் 1947-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, அந்தச் சட்டத்தின் உத்தரவாதத்தில் வீடு, தொழில், பண்ணைக்காக வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு. அந்த வீரர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். மருத்துவத் துறைக்குள்ளேயே இன்னொரு வெட்டும் விழுந்தது: மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910-இல் வந்த பிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, அப்போதிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும்தான் தப்பின. தாத்தா டாக்டர், அம்மா டாக்டர் என்று தொடரும் குடும்பங்கள் அங்கே அரிதாக இருப்பதன் வேர் இதில் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் இருவரும் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டி, தமிழ்நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நடந்த கல்லூரியில் பட்டம் வாங்கினீர்கள். கடனில்லாமல் விமானம் ஏறினீர்கள். முதல் மாதச் சம்பளத்திலிருந்தே சேமிக்க முடிந்தது. அந்த நர்ஸ் அம்மாவோ, இங்கே படித்திருந்தால், தன் படிப்புக் கடனை அடைத்த பிறகுதான் சேமிக்கத் தொடங்கியிருப்பார். உங்கள் சிக்கனம் மெய்தான். ஆனால் அது தொடங்கிய கோடு வேறு. அதோடு, 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் மென்பொருள் பொறியாளர் வீடும் இருக்கிறது, அகதியாக வந்த கம்போடியர் வீடும் இருக்கிறது. சராசரியைப் பார்த்து ஆசியப் பிள்ளைகள் எல்லாருக்கும் கவலையில்லை என்று எண்ணிவிடவும் கூடாது.

2013-இல் 'பிளோஸ் ஒன்' இதழில் வெளியான ஆய்வில், படிப்பு முடியும்போது 1,50,000 டாலருக்கு மேல் கடன் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் கறுப்பின மருத்துவ மாணவர்களில் 77.3 சதவீதம், வெள்ளையரில் 65.1, ஹிஸ்பானியரில் 57.2, ஆசியரில் 50.2. மருத்துவம் படிக்க வரும் முன்பே இந்தக் கோடு பிரிகிறது. புரூக்கிங்ஸ் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இளநிலைப் பட்டம் வாங்கும் நாளில் கறுப்பின மாணவர் தன் வெள்ளைத் தோழரைவிட சராசரியாக 7,400 டாலர் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறார். நான்கே ஆண்டில் அந்த வித்தியாசம் 25,000-ஐ நெருங்குகிறது. மேற்படிப்புக்குப் புதிதாக வாங்கும் கடனும், கட்ட முடியாமல் ஏறும் வட்டியும்தான் காரணம். உங்கள் மாணவியின் 27,000 அந்தக் கதையின் தொடக்கம்தான். இனி அவள் செய்ய வேண்டியதெல்லாம் வட்டி ஓடும் இடங்களை ஒவ்வொன்றாக அடைப்பது.

முதலில் அந்த 27,000. அது இரண்டு துண்டாக இருக்கும். 'சப்சிடைஸ்டு' பகுதிக்கு அவள் மருத்துவம் படிக்கும்வரை வட்டியை அரசு ஏற்றுக்கொள்ளும். 'அன்சப்சிடைஸ்டு' பகுதிக்கு வட்டி ஓடும். படிப்புக் காலத் தள்ளிவைப்பு முடியும் நாளில் சேர்ந்த வட்டி முழுவதும் அசலோடு கலந்துவிடும். வீட்டில் யாராவது மாதம் முப்பது, நாற்பது டாலர் தர முடிந்தால் அதை இந்தத் துண்டின் வட்டிக்குக் கட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, மருத்துவப் படிப்புக்கு வாங்கும் நேரடிக் கடன். 2012 ஜூலைக்குப் பிறகு மேற்படிப்பு மாணவர்களுக்குச் சப்சிடைஸ்டு கடன் இல்லை. பணம் கைக்கு வந்த நாளிலிருந்து வட்டி. 2025-26 கல்வியாண்டில் அது 7.94 சதவீதம், ஒவ்வோர் ஆண்டுக் கடனுக்கும் அந்தந்த ஆண்டின் விகிதம் நிலைத்துவிடும். இதே விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 50,000 வீதம் வாங்கிய 2,00,000, படிப்பும் ஆறு மாதச் சலுகைக் காலமும் முடிந்து முதல் தவணை வரும்போது சுமார் 2,40,000 ஆகியிருக்கும். ஒரு நாள்கூட வேலை பார்க்காமல், ஒரு தவணைகூடத் தவறாமல், நாற்பதாயிரம். உங்கள் மகளுக்கும் அவளுக்கும் ஒரே மதிப்பெண், ஒரே பட்டம், ஒரே சம்பளம் என்றாலும், இருவரும் ஒரே இடத்திலிருந்து தொடங்கவில்லை.

கடன் பணத்தில் செயலாக்கக் கட்டணம் என்று ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் பிடித்துக்கொள்வார்கள். 50,000-க்கு ஐந்நூறு டாலர் போல் குறைவாகத்தான் கைக்கு வரும். பட்ஜெட்டில் அதை மறக்கக் கூடாது. கல்விக் கட்டணம் போக மிச்சம் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் மொத்தமாகக் கணக்கில் விழும். அதைத் தனிக் கணக்கில் போட்டு, தனக்குத்தானே மாதச் சம்பளம் கொடுப்பதுபோல் எடுக்கட்டும். கூடுதலாக வாங்கிவிட்டோம் என்று தெரிந்தால், பணம் வந்த 120 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகைக்கான வட்டியும் கட்டணமும் ரத்தாகும். பலருக்கு இது தெரிவதில்லை.

இன்னொன்றை அவளிடம் மென்மையாகக் கேட்டுப் பாருங்கள். சொத்தில்லாத வீடுகளில் முதன்முதலாக மேலே வரும் பிள்ளைதான் தம்பியின் கார் பழுதுக்கும் பாட்டியின் மருந்துக்கும் பணம் அனுப்பும். இது தமிழ் வீடுகளுக்குப் புரியாத விஷயமல்ல. தவறென்று யார் சொல்ல முடியும்? ஆனால் படிக்கும் காலத்தில் அனுப்பும் ஒவ்வொரு 100 டாலரும் எட்டு சதவீத வட்டிக்கு வாங்கிய பணம். நிதி உதவி அலுவலகத்தில் அவசர நிதி இருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும்.

2,00,000 உச்சவரம்பில் ஒளிந்திருக்கும் ஆபத்து வேறொன்று. நான்கு ஆண்டும் முழு 50,000 வாங்கினால் கணக்கு சரியாக முடிந்துவிடும். உடல்நலக் குறைவாலோ, ஒரு தேர்வு தவறியதாலோ, ஆராய்ச்சிக்காகவோ ஐந்தாம் ஆண்டு தேவைப்பட்டால் அரசுக் கடனில் ஒரு டாலர் மிச்சமிருக்காது. சேரும் முன்பே கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "ஓராண்டு நீடித்தால் அந்த ஆண்டுக்கு நீங்கள் என்ன தருவீர்கள்?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

இனி மாநிலக் கல்லூரியின் எட்டாயிரத்தை நிரப்புவது எப்படி என்று பார்ப்போம். நேரடிக் கடனின் உச்சவரம்புக்குள் வராத இரண்டு கடன்கள் சில மருத்துவக் கல்லூரிகள் வழியாகக் கிடைக்கின்றன. பின்தங்கிய பின்னணியிலிருந்து வரும் மாணவர்களுக்கானது ஒன்று. முதல்நிலை மருத்துவத்துக்குப் போவேன் என்று உறுதி கொடுப்பவர்களுக்கான 'பிரைமரி கேர் லோன்' மற்றொன்று. இரண்டுக்கும் வட்டி 5 சதவீதம்தான், படிக்கும் காலத்தில் வட்டியே ஓடாது. இரண்டாவதில் குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம் போன்ற துறையில் ரெசிடென்சி செய்து, பத்தாண்டு அல்லது கடன் அடையும்வரை அதிலேயே இருக்க வேண்டும். மாறினால் வட்டி 7 சதவீதமாகும். எல்லாக் கல்லூரியிலும் இந்தப் பணம் இருக்காது, இருக்கும் இடத்திலும் குறைவாகவே இருக்கும். முந்திக் கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

இங்கேதான் பெரும்பாலோர் இழக்கிறார்கள். மத்திய அரசின் நிதி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தில் மருத்துவ மாணவர் 'சுதந்திரமானவர்'. பெற்றோர் விவரம் தர வேண்டியதில்லை. தராமல் விட்டால் நேரடிக் கடன் கிடைத்துவிடும், ஆனால் பின்தங்கிய மாணவர்களுக்கான கடனுக்கும், கல்லூரியின் தேவை அடிப்படை உதவித்தொகைக்கும் பல கல்லூரிகளில் அவளைப் பரிசீலிக்கவே மாட்டார்கள். பெற்றோரின் வரிக் கணக்கைக் கேட்டு வாங்கி, கல்லூரி கேட்கும் படிவத்தில் அந்த விவரத்தையும் தரச் சொல்லுங்கள். 'பின்தங்கிய பின்னணி' என்பது வருமானத்தை மட்டும் குறிப்பதல்ல. படித்த பள்ளியின் நிலை, பெற்றோர் கல்லூரிக்குப் போனார்களா என்பதும் கணக்கில் வரலாம். அம்மா அப்பா நல்ல வேலையில் இருக்கிறார்கள், நமக்குக் கிடைக்காது என்று அவளே முடிவு செய்துவிட வேண்டாம்.

2023 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்த பிறகு, பல கல்லூரிகள் இனத்தின் பெயரிலிருந்த உதவித்தொகைகளின் விதிகளை மாற்றின. பணம் மறைந்துவிடவில்லை, பல இடங்களில் பெயர்தான் மாறியிருக்கிறது. 'முதல் தலைமுறை', 'மருத்துவர் பற்றாக்குறை உள்ள மாவட்டம்', 'நிதித் தேவை' என்ற தலைப்புகளில் தேட வேண்டும். 1946 முதல் இயங்கும் 'நேஷனல் மெடிக்கல் ஃபெலோஷிப்ஸ்' அமைப்பின் பட்டியலையும் ஆண்டுதோறும் பார்க்கட்டும்.

உடல்நலக் காப்பீடு ஒரு நல்ல சேமிப்பு. 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டிலேயே இருக்கலாம். அதைக் காட்டிக் கல்லூரிக் காப்பீட்டை விலக்கிக்கொண்டால் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் மிச்சம். விலக்குப் படிவத்துக்குக் கெடு தேதி உண்டு, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் கட்டணம் தானாக ஏறிவிடும்.

அவள் முதல்நிலை மருத்துவத்தில் உறுதியாக இருந்தால், 'நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கார்ப்ஸ்' என்ற மத்திய அரசு அமைப்பின் உதவித்தொகை எல்லாக் கடனையும்விட மேல். கல்விக் கட்டணமும் மாதப்படியும் தருவார்கள். பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு, குறைந்தது இரண்டாண்டு, மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் பணியாற்ற வேண்டும். ஆனால் நடுவில் மனம் மாறி அறுவை மருத்துவம் போக விரும்பினால், பெற்றதைப்போல் மூன்று மடங்கும் வட்டியும் கட்ட நேரும். முதலாண்டு மாணவருக்குத் தன் மனம் எவ்வளவு மாறும் என்று தெரியாது. உறுதி இல்லையென்றால் விட்டுவிட்டு, படிப்பு முடிந்தபின் அதே அமைப்பின் கடன் அடைப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதில் இந்தப் பொறி இல்லை.

ரெசிடென்சிக் காலம்தான் கடன் கதையின் திருப்பம். படிப்பு முடிந்ததும், "வருமானம் வரட்டும்" என்று 'ஃபார்பேரன்ஸ்' கேட்டுத் தவணையைத் தள்ளிப்போடுவார்கள். அனுமதி எளிதாகக் கிடைக்கும், மூன்று நிமிட வேலை. ஆனால் 2,00,000 அசலுக்கு ஆண்டுக்கு 15,880 டாலர் வட்டி ஏறும். மூன்றாண்டில் 47,000-க்கு மேல். 2026 ஜூலையில் தொடங்கும் 'ராப்' என்ற புதிய வருமான அடிப்படைத் திட்டத்தில் கணக்கு தலைகீழ். முந்தைய ஆண்டு வரிக் கணக்கைப் பார்த்துத்தான் தவணை. நான்காம் ஆண்டு மாணவியாக வருமானம் இல்லாதபோதும் அவள் வரிக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டால், ரெசிடென்சியின் முதலாண்டில் தவணை மாதம் 10 டாலர். இரண்டாம் ஆண்டில், அரையாண்டுச் சம்பளம் 34,000 என்றால், 3 சதவீதம், மாதம் 85. மூன்றாம் ஆண்டில் 68,000-க்கு 6 சதவீதம், மாதம் 340. உரிய நாளில் கட்டிவிட்டால், அந்தத் தவணை போக அந்த மாதம் மிச்சமாகும் வட்டியை அரசு தள்ளுபடி செய்துவிடும். மாத வட்டி 1,320 டாலர் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். ஒருநாள் தாமதமும் செலவுதான்; தானியங்கித் தவணை வைத்துவிட வேண்டும்.

திட்டம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அவளைத் தானாகவே நிலையான தவணைத் திட்டத்தில் போட்டுவிடுவார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு அது 25 ஆண்டு. 2,40,000-க்கு மாதம் சுமார் 1,800 டாலர். முடியும்போது ஐந்தரை லட்சம் போல் கட்டியிருப்பாள். ரெசிடென்ட் சம்பளத்தில் அதைத் தாங்கவும் முடியாது. ராப் வேண்டும் என்று அவளே விண்ணப்பிக்க வேண்டும்.

ராப்பை அவள் தேர்ந்தெடுப்பதற்கு வலுவான காரணம் இன்னொன்று: பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி, பி.எஸ்.எல்.எஃப். என்பார்கள். அரசு அல்லது லாப நோக்கற்ற நிறுவனத்தில் முழுநேர வேலையில் இருந்துகொண்டு 120 தவணை கட்டினால் மிச்சம் முழுவதும் தள்ளுபடி, மத்திய வருமான வரியும் இல்லை. பெரும்பாலான பயிற்சி மருத்துவமனைகள் லாப நோக்கற்றவை. 10 டாலர் தவணையும் ஒரு தவணையாக எண்ணப்படும். ஆறு மாதச் சலுகைக் காலம் போக, மூன்றாண்டு ரெசிடென்சியில் முப்பது போல் முடிந்துவிடும். தவறுவது எங்கே என்றால் வேலை கொடுப்பவர் யார் என்பதில். மருத்துவமனை லாப நோக்கற்றதாக இருக்கும், டாக்டருக்குச் சம்பளம் தருவதோ அதனோடு ஒப்பந்தம் போட்ட தனியார் குழுவாக இருக்கும். பெயர்ப்பலகையை நம்பாமல், ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தில் இருக்கும் நிறுவன எண்ணை மத்திய மாணவர் உதவித் தளத்தின் தேடலில் போட்டுப் பார்க்க வேண்டும். சான்றுப் படிவத்தை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். பத்தாம் ஆண்டு முடிவில் மொத்தமாக அனுப்பினால் பழைய மனிதவள அலுவலகத்தைத் தேடி அலைய நேரும்.

பட்டம் வாங்கியதும் கடன்களை ஒன்றாக்கினால் ஆறு மாதச் சலுகைக் காலத்துக்குக் காத்திராமல் எண்ணிக்கை தொடங்கிவிடும். அதற்கு விலை, சேர்ந்த வட்டி அசலாகிவிடுவது. பொதுச் சேவையில் பத்தாண்டு இருப்பேன் என்ற உறுதியிருந்தால் செய்யலாம், இல்லையேல் வேண்டாம்.

இப்போது உங்கள் பங்கு. 88,000 டாலர் கடனுக்குப் பொறுப்பேற்கத் துணிந்த மனம், அதில் பத்தில் ஒரு பங்கைக்கொண்டு அவளுக்கு மிகப் பெரிய உதவி செய்யலாம். உரிமத் தேர்வுகளின் முதல் இரண்டு படிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 600 டாலருக்கு மேல் கட்டணம். அவற்றைக் கட்டிக் கொடுங்கள். நான்காம் ஆண்டு மே மாதம் பட்டம் வாங்கி, ஜூலைக் கடைசியில்தான் முதல் சம்பளம் வரும். இடையில் ஊர் மாற வேண்டும், வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அம்மா அப்பா வண்டி பிடித்துத் தருவார்கள், மற்றவர்கள் தனியார் கடன் வாங்குவார்கள். அந்த இரண்டு மாதத்துக்காக 3,000 டாலரை இப்போதே ஒதுக்கி வையுங்கள், அவளிடம் சொல்லியும் வையுங்கள். மாநிலக் கல்லூரி உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரமாக இருந்து, உங்கள் மகள் போனபின் ஓர் அறை காலியாக இருந்தால், குறைந்த வாடகைக்கு அதைத் தரலாமா என்று யோசியுங்கள். அவள் மரியாதைக்குக் குறைவு வராமல், வாடகை பேசி, எழுதிக்கொண்டு தர வேண்டும். மாதம் 800 டாலர் வாடகை குறைந்தால் நான்கு ஆண்டில் 38,000 டாலருக்கு மேல் கடன் குறைகிறது.

கல்விக் கட்டணத்தை நேரடியாகக் கல்லூரிக்குக் கட்டினால் பரிசு வரி வரம்பு கிடையாது. ஆனால் அதற்கு முன் நிதி உதவி அலுவலகத்தைக் கேளுங்கள். வெளியிலிருந்து பணம் வந்தால் தங்கள் உதவித்தொகையை அதே அளவு குறைத்துவிடும் கல்லூரிகள் உண்டு. அப்படிக் குறைப்பார்கள் என்றால் பணத்தைப் படிப்பு முடியும் நாளுக்கு வைத்திருங்கள்.

ஏப்ரல் 30-க்குள், ஒன்றுக்கு மேற்பட்ட இடம் கையில் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விட வேண்டும். அதற்குள் அவள் தனியார் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதட்டும்: மாநிலக் கல்லூரியின் கடிதத்தை இணைத்து, அரசுக் கடனின் புதிய உச்சவரம்பால் ஆண்டுக்கு 22,000 துண்டு விழுவதைக் கணக்காகக் காட்டி, உதவித்தொகையை உயர்த்த முடியுமா என்று கேட்கட்டும். கெஞ்ச வேண்டியதில்லை, எண்களே போதும். உதவித்தொகையை 36,000-க்கு உயர்த்தினால் இரண்டு கல்லூரியும் சமம். அப்போது எந்தக் கல்லூரியில் படிப்பு நன்றாக இருக்கும் என்று மட்டும் பார்த்து முடிவு செய்யலாம். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லையென்றால், மாநிலக் கல்லூரி. கடிதத்தை அனுப்பும் முன் நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.